எல்லையோர மருத்துவமனை நிர்வாகங்களுக்கு: செவிலியரை நீக்கிவிட்டால் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் வார்டும் நடத்துகிற நிர்வாகத்தினருக்கு,

என் தங்கை மகனுக்கு உங்கள் மருத்துவமனையில் ஒரு மருந்து ஐந்து மடங்கு கூடுதலாக ஏற்றப்பட்டது குறித்து எங்கள் குடும்பம் கொடுத்த புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. நடந்தது ஒரு செவிலியரின் கவனக்குறைவு என்றும், அவரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டதாகவும், இத்துடன் புகார் முடித்துவைக்கப்படுவதாகவும் அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. யாரையும் வேலையை விட்டு அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. இது எப்படி நடந்தது, இன்னொரு குழந்தைக்கு நடக்காமலிருக்க எதை மாற்றியிருக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளைத்தான் கேட்டோம். இரண்டுக்கும் உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. நான் கேரள-தமிழக எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மெடிக்கல் ஷாப் நடத்தும் மருந்தாளுநர். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று சோதனைச் சாவடிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற மருத்துவமனைகளிலிருந்து வரும் மருந்துச் சீட்டுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரிகளையும் தினமும் கையில் வாங்குகிறவள். உங்கள் இடத்தில் நடந்தது எந்த இடத்திலும் நடக்கக்கூடியது என்பதை அந்தக் காகிதங்களே சொல்கின்றன. ஆகவே இந்த மடல் உங்களுக்கும், உங்களைப் போலப் பச்சிளங்குழந்தைகளை ஏற்றுக்கொள்ளும் மற்ற எல்லா நிர்வாகங்களுக்கும் சேர்த்து எழுதப்படுகிறது.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பதிலில் அது ஒரே வரியில் சுருங்கிவிட்டது. குழந்தை குறைமாதத்தில் பிறந்தவன். எடை 1,350 கிராம். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். அது சரியான முடிவு. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் அவனுக்கு ஒரு வேளைக்குச் சுமார் 20 மில்லிகிராம் போதும். ஆனால் மருந்து அட்டையில் 20 மில்லிகிராம் என்று யாரும் எழுதவில்லை, 0.4 மில்லிலிட்டர் என்று மட்டும் எழுதியிருந்தது. அமிகாசின் நம் நாட்டில் 2 மில்லிலிட்டர் குப்பியில் 100 மில்லிகிராமாகவும் வருகிறது, 250 மில்லிகிராமாகவும் வருகிறது, 500 மில்லிகிராமாகவும் வருகிறது. 100 மில்லிகிராம் குப்பியிலிருந்து 0.4 மில்லிலிட்டர் எடுத்தால் 20 மில்லிகிராம். அதே 0.4 மில்லிலிட்டரை 500 மில்லிகிராம் குப்பியிலிருந்து எடுத்தால் 100 மில்லிகிராம். அன்று இரவு உங்கள் மருந்தகத்தில் 100 மில்லிகிராம் குப்பி தீர்ந்துபோயிருந்தது. பெரியவர்களுக்கான 500 மில்லிகிராம் குப்பியைக் கொடுத்தனுப்பினார்கள். அது வேறு அளவு என்று குப்பியின் மேலோ அட்டையிலோ யாரும் குறித்துத் தரவில்லை.

அந்தக் குப்பியை நான் பிறகு கையில் வாங்கிப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே உயரம், அதே மூடி, லேபிளிலும் பெரிய வேறுபாடு இல்லை. கம்பெனியின் பெயர் பெரிதாகவும் அளவு சிறிதாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தொட்டிலில் மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கு எரிந்துகொண்டிருக்க, அந்த வெளிச்சத்தில் நடு இரவில் அந்தச் சின்ன எழுத்தைப் படித்து வித்தியாசம் காண வேண்டும் என்று ஒரு செவிலியரிடம் எதிர்பார்த்திருக்கிறீர்கள். முதல் வேளை மருந்தை ஏற்றியவர் ஒரு செவிலியர். அடுத்த வேளையை ஏற்றியவர், நீங்கள் இப்போது வேலையை விட்டு நீக்கியிருப்பவர். மூன்றாவது வேளைக்கு மருந்தை எடுக்கும்போது குப்பி வேறு என்று கண்டுபிடித்து, சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு ட்யூட்டி டாக்டரிடம் ஓடியவரும் அவரேதான். பிறகு அவர் என் தங்கையிடம் நேரில் வந்து, "சேச்சி, மருந்து கூடிப்போச்சு, டாக்டர்கிட்ட சொல்லியாச்சு" என்றார். எங்களுக்கு அந்த விஷயம் தெரிந்ததே அவர் வாயால்தான். அன்றே மருந்தை நிறுத்தி, ரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் அளவு ஏறியிருந்தது மெல்ல இறங்கும் வரை உங்கள் மருத்துவர்கள் குழந்தையை விட்டு அகலாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிறுநீரகம் தேறிவிட்டது. காதைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செவித்திறன் பரிசோதனையில் ஒரு காதுக்கு மறுபரிசோதனை தேவை என்று வந்திருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்த மருந்து இல்லாமலேயே காது கேட்பதில் சிக்கல் வருவதுண்டு. எனவே இதற்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அமிகாசின், ஜென்டாமைசின் வகை மருந்துகள் அளவு மீறினால் சிறுநீரகத்தையும் உள்காதையும் பாதிக்கும், காதில் ஏற்படும் சேதம் பெரும்பாலும் திரும்பச் சரியாகாது என்பது உங்கள் மருத்துவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது சொல்லுங்கள்: மில்லிகிராம் இல்லாமல் மில்லிலிட்டர் மட்டும் எழுதிய அட்டை, தீர்ந்துபோன குப்பிக்குப் பதிலாக ஐந்து மடங்கு வீரியமுள்ள குப்பியை ஒரு குறிப்பும் இல்லாமல் கொடுத்தனுப்பிய மருந்தகம், இரவில் மருந்தாளுநரே இல்லாத வார்டு, ஒரே ஷிஃப்டில் கைக்கு மீறிய தொட்டில்களைப் பார்த்துக்கொள்ள விடப்பட்ட இரண்டு செவிலியர்கள் என்று இத்தனையும் வரிசையாக இருக்க, இதில் கடைசியாக நின்றவரை மட்டும் நீக்கியதால் எது மாறியது? அந்த அட்டையின் படிவம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. 500 மில்லிகிராம் குப்பி இன்றும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. மாறியது ஒன்றே ஒன்று. தவறைக் கண்டு சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தப் பிரிவில் வேலை செய்யும் ஒவ்வொரு செவிலியரும் பார்த்துக்கொண்டார்கள். இனி ஒருவர் இப்படி ஒரு குப்பியைக் கையில் எடுத்து நெஞ்சு பதைத்தால், டாக்டரிடம் ஓடுவாரா, பேசாமல் குப்பியைக் குப்பைத் தொட்டியில் போடுவாரா? நீங்களே யோசியுங்கள். நீங்கள் எடுத்த நடவடிக்கையால் உங்கள் வார்டு முன்பைவிட ஆபத்தானதாகிவிட்டது என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

பெரியவர்களின் வார்டில் இப்படி நடக்காதா என்று கேட்கலாம். நடக்கும், ஆனால் குழந்தைகளிடம் நடப்பதற்கான வாய்ப்பும் அதிகம், விளைவும் கடுமை. பெரியவருக்கு ஒரு மாத்திரை, ஒரு குப்பி, ஒரு ஆம்பூல் என்று முழுதாகக் கொடுத்துவிடலாம். குழந்தைகள் பிரிவில் ஒரு கிலோ எடையுள்ள சிசுவும் ஐம்பது கிலோ எடையுள்ள பதின்பருவப் பிள்ளையும் அடுத்தடுத்துப் படுத்திருப்பார்கள். ஒவ்வொரு வேளையும் எடையைப் பார்த்து, கிலோவுக்கு எவ்வளவு என்று பெருக்கி, குப்பியின் வீரியத்தால் வகுத்து, அதை மேலும் நீர்த்து, அதிலிருந்து ஒரு துளியளவு எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் எந்தப் படியில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பத்து மடங்கு கூடும், அல்லது பத்தில் ஒன்றாகக் குறையும். பெரியவருக்குப் பத்து மடங்கு போட வேண்டுமென்றால் பத்து குப்பிகளை உடைக்க வேண்டும். அப்போதே கை தயங்கி நின்றுவிடும். சிசுவுக்குப் பத்து மடங்கு மருந்தும் ஒரே சிரிஞ்சுக்குள் அடங்கிவிடும்; கண்ணுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. 2 மில்லிலிட்டர் சிரிஞ்சில் 0.1 மில்லிலிட்டருக்கு ஒரு கோடுதான் உண்டு. 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் உள்ள ஜென்டாமைசின் குப்பியிலிருந்து 1,400 கிராம் குழந்தைக்கு 7 மில்லிகிராம் எடுக்க வேண்டுமானால் அது 0.175 மில்லிலிட்டர். இரண்டு கோடுகளுக்கு நடுவே கண்ணால் அளந்து நிறுத்த வேண்டிய வேலை இது. அதோடு, குறைமாதக் குழந்தையின் சிறுநீரகமும் ஈரலும் முழு வளர்ச்சி அடையாதவை என்பதால் அதிகமாகப் போன மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லவும் அந்தக் குழந்தையால் முடியாது.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரண்டு மருத்துவமனைகளில் 1,120 குழந்தைகளுக்கு எழுதப்பட்ட 10,778 மருந்து உத்தரவுகளை வரி வரியாகச் சரிபார்த்த ஆய்வு 2001ஆம் ஆண்டில் வெளியானது. அதில் 616 பிழைகள் கண்டார்கள். நூறு உத்தரவுக்குக் கிட்டத்தட்ட ஆறு. தீங்கு விளைவிக்கும் தன்மையுள்ள பிழைகள் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் மூன்று மடங்கு அதிகம். அதிலும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னும் அதிகம். அந்த ஆய்வில் என்னை நிறுத்திப் படிக்கவைத்த செய்தி வேறொன்று. வார்டிலேயே ஒரு மருந்தாளுநர் இருந்து, மருத்துவர்களோடு சுற்றில் போய் உத்தரவுகளைப் பார்த்திருந்தால், அந்த ஆபத்தான பிழைகளில் 94 விழுக்காட்டைத் தடுத்திருக்க முடியும் என்று அவற்றைப் பரிசீலித்த மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். கணினி வழி உத்தரவு முறைக்கும் ஏறத்தாழ அதே பலன்தான் என்றார்கள். கணினி முறை வாங்க உங்களிடம் இப்போது பணம் இல்லாமலிருக்கலாம். ஒரு மருந்தாளுநரின் சம்பளத்துக்கும் பணம் இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஃபார்ம்.டி. என்ற மருந்தாளுநர் பட்டப்படிப்பு இந்தியாவில் 2008இல் வந்தது. வார்டில் நின்று வேலை செய்யவே பயிற்சி பெற்ற அந்தப் பிள்ளைகள், பில் போடும் வேலையாவது கிடைக்குமா என்று என் கடைக்கு வந்து கேட்கிறார்கள்.

2006இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் ஆறு குறைமாதக் குழந்தைகளுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போய், மூன்று குழந்தைகள் இறந்தன. மில்லிலிட்டருக்கு 10 யூனிட் உள்ள குப்பிகளை வைக்க வேண்டிய அலமாரியில் 10,000 யூனிட் குப்பிகளை வைத்துவிட்டார்கள். இரண்டு லேபிளும் நீல நிறம். அலமாரியில் வைத்தவர் ஒருவர், எடுத்தவர்கள் வேறு. மறு ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸில் நடிகர் டென்னிஸ் குவைட்டின் இரட்டைக் குழந்தைகளுக்கும் இதே ஹெபாரின் குழப்பம் நேர்ந்து, நல்லவேளையாக இருவரும் பிழைத்தார்கள். ஓர் ஊரில் நடந்ததை அந்த ஊர் ஆட்களின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட்டால், அடுத்த ஊரில் அதே குப்பி அதே வேலையைச் செய்யும். பிரிட்டனில், நீர்க்காமல் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய செறிவான பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களைச் சாதாரண வார்டுகளில் இருப்பு வைக்கவே கூடாது என்று 2002இல் அறிவுறுத்தியது, செவிலியர்களைத் திட்டிப் பயனில்லை, ஆம்பூலை அங்கிருந்து எடுத்துவிடுவதே வழி என்று புரிந்துகொண்டதால்தான். நம் வார்டுகளில் 10 மில்லிலிட்டர் பொட்டாசியம் ஆம்பூலும் ஊசிக்கான தண்ணீர் ஆம்பூலும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லையோரத்தில் இருப்பதால் நமக்கென்று கூடுதலாக ஓர் ஆபத்து இருக்கிறது. சித்தூர் தாலுகாவில் பிறக்கும் குழந்தைக்கு மூச்சு முட்டினால் பாலக்காட்டுக்கோ கோவைக்கோ அனுப்புகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. ஆம்புலன்ஸ் எல்லையைத் தாண்டிவிடும். குழந்தையின் மருந்து விவரம் தாண்டுவதில்லை. கடைசியாக எந்த மருந்து எத்தனை மணிக்கு எத்தனை மில்லிகிராம் போனது என்று ரெஃபரல் சீட்டில் எழுதாமல், "ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டது" என்று மட்டும் எழுதியனுப்பிய சீட்டுகள் என் கடைக்கே வந்திருக்கின்றன. போய்ச் சேரும் இடத்தில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் என்ன செய்வார்? ஒன்று, ஏற்கெனவே கொடுத்த வேளையை மறுபடியும் கொடுப்பார். இல்லையென்றால், கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து ஒரு வேளையை விட்டுவிடுவார். குறைமாதக் குழந்தைக்கு அமிகாசின் 36 மணி நேரத்துக்கு ஒருமுறை, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நீண்ட இடைவெளியில் போகும் மருந்து. நேரம் தெரியாவிட்டால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை. ஃபிட்ஸ் (வலிப்பு) மருந்துக்கும் இதே கதைதான். இரு மாநிலம், இரு துறை, இரு படிவம் என்பதெல்லாம் நம் நிர்வாக வசதிக்கு வைத்துக்கொண்டது. குழந்தையின் உடம்பில் ஏறிய மருந்துக்கு அது தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பகுதியை நான் தினம் தினம் பார்க்கிறேன். பாரசிட்டமால் டிராப்ஸ் என்றால் 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். சிரப் என்றால் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானதில் 250. வார்டில் "அரை எம்.எல். கொடுங்க" என்று வாயால் சொல்லியனுப்பிவிடுகிறார்கள். டிராப்ஸா சிரப்பா என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்வதில்லை. ஐந்து மில்லி சிரப் கொடுத்துப் பழகிய வீட்டில், அவசரத்தில் டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஐந்து மில்லி ஊற்றினால் பெரியவர்கள் விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை முழுதாகக் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். வைட்டமின் டி சொட்டு மருந்து ஒரு கம்பெனியில் மில்லிலிட்டருக்கு 400 யூனிட், இன்னொரு கம்பெனியில் 800 யூனிட். அதே அலமாரியில் 5 மில்லிலிட்டரில் 60,000 யூனிட் உள்ள குட்டி பாட்டிலும் நிற்கிறது. சம்மரியில் "வைட்டமின் டி 1 எம்.எல்." என்று மட்டும் எழுதியிருந்தால், கடையில் நிற்கும் என்னைப் போன்ற ஒருத்தி போன் போட்டுக் கேட்டால்தான் உண்டு. போன் எடுக்க ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்தைக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தத் தாய்மார்களின் கோபத்தையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சம்மரி எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மருந்து விவரம் ஆங்கிலத்தில், குறிப்புகள் மலையாளத்தில். எங்கள் பகுதியில் தமிழ் வழியில் படித்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மலையாளம் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியில் எழுதிக்கொள்ள இடம் தருகிறது. ஒரு மனுவுக்குக் கிடைக்கும் அந்த உரிமை ஒரு குழந்தையின் மருந்தளவுக்குக் கிடைக்கக் கூடாதா? எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மருத்துவமனைகளுக்கும் இதே கேள்வியைத் திருப்பி வைக்கிறேன். அங்கே வரும் மலையாளத் தாய்க்கு மலையாளத்தில் எழுதிக் கொடுங்கள்.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அந்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று தெரிந்து நாடே பதறியது. கடைகளில் சோதனை நடந்தது. என் கடையிலும் வந்து பார்த்தார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தரமான மருந்தும் தவறான அளவில் போனால் அதே சிறுநீரகத்தைத்தான் பாதிக்கும். அதைச் சோதிக்க உங்கள் வார்டுக்கு வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. நீங்கள்தான் செய்தாக வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2017இலேயே மருந்தால் வரும் தவிர்க்கக்கூடிய கடும் தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2025 செப்டம்பர் 17 அன்று உலக நோயாளர் பாதுகாப்பு நாளின் கருப்பொருளாக ஒவ்வொரு பச்சிளங்குழந்தைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதுகாப்பான சிகிச்சை என்பதையே எடுத்துக்கொண்டது. அதற்கு உங்கள் வரவேற்பறையில் பேனர் கட்டியிருந்ததைப் பார்த்தேன். பேனருக்குப் பின்னால் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

நீங்கள் நீக்கிய அந்தச் செவிலியரை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் குடும்பமாக நாங்களே கையெழுத்திட்டுக் கேட்கிறோம். தவறைக் கண்டு சொல்கிறவர் மேல் அதற்காக நடவடிக்கை எடுக்கப்படாது என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை விட்டு, வார்டில் ஒட்டுங்கள். குழந்தைக்குத் தீங்கு வராமல் கடைசி நொடியில் தப்பிய சம்பவங்களையும் பதிவு செய்ய ஒரு நோட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மூவரும் உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். குழந்தையின் உடம்பைப் பாதித்த சம்பவங்களை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவியுங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் அதற்காகவே இருக்கிறது.

மருந்து அட்டையை மாற்றுங்கள். அதற்கு அச்சுக்கூலியைத் தவிர வேறு செலவில்லை. அட்டையின் தலைப்பில் அன்றைய எடை இருக்க வேண்டும். குறைமாதக் குழந்தையின் எடை முதலில் இறங்கிப் பிறகு ஏறும் என்பதால், சேர்த்த நாளின் எடையையே கடைசி வரை ஓட்டக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் கிலோவுக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை மில்லிகிராம், குப்பியின் வீரியம் என்ன, அதற்குப் பிறகே எத்தனை மில்லிலிட்டர் என்று நான்கும் வரிசையாக எழுதப்பட வேண்டும்; மில்லிலிட்டரை மட்டும் எழுதிய உத்தரவைச் செவிலியர் மறுத்துத் திருப்பி அனுப்பும் உரிமை வேண்டும். அரை என்றால் புள்ளிக்கு முன்னால் சுழியம் கட்டாயம். ஐந்து என்றால் பின்னால் புள்ளியும் சுழியமும் வேண்டாம், ஏனென்றால் புள்ளி மங்கினால் ஐந்து ஐம்பதாகிவிடும்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு மருந்துக்கு ஒரே வீரியம் மட்டும் இருக்கட்டும். அது தீர்ந்து வேறு வீரியம் கொடுத்தேயாக வேண்டிய நிலை வந்தால், மருந்தாளுநர் பணி மருத்துவரிடம் பேசி, புதிய மில்லிலிட்டர் அளவை அட்டையில் எழுதவைத்து, குப்பியில் சிவப்புச் சீட்டு ஒட்டிய பிறகே அது வார்டுக்குள் நுழைய வேண்டும். செறிவான பொட்டாசியத்தை வார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அமிகாசின், ஜென்டாமைசின், ஹெபாரின், இன்சுலின், மார்ஃபின், ஃபென்டனில், மிடாசோலம், டோபமின் போன்றவற்றை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போன பிறகே கொடுக்க வேண்டும். ஒருவர் போட்ட கணக்குக்கு மற்றவர் தலையாட்டிக் கையெழுத்திடுவது சரிபார்ப்பு ஆகாது. 0.01 மில்லிலிட்டர் கோடுள்ள 1 மில்லிலிட்டர் சிரிஞ்சுகள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். வாய் வழி மருந்துக்கும் பாலுக்கும், ஊசியோடு பொருந்தாத தனிச் சிரிஞ்சுகளை வாங்குங்கள்.

குழந்தைகள் பிரிவுகளுக்கென்று பகலில் ஒரு மருந்தாளுநரை வார்டிலேயே நிறுத்துங்கள். இரவில் போனில் கிடைக்கும்படியாவது ஒருவரை நியமியுங்கள். இரவுப் பணியில் ஒரு செவிலியர் எத்தனை தொட்டில்களைப் பார்க்கிறார் என்பதை வார்டு வாசலில் பெற்றோர் பார்வைக்கு எழுதிவையுங்கள்.

எல்லைக்கு இரு பக்கமும் உள்ள மருத்துவமனைகள் ஒன்றுகூடி ஒரே ஒரு பக்கத்தில் பொதுவான இடமாற்றப் படிவம் ஒன்றை உருவாக்குங்கள்: எடை, மருந்தின் பெயர், மில்லிகிராம், கடைசி வேளை கொடுத்த நேரம், அடுத்த வேளை வர வேண்டிய நேரம். அது இல்லாமல் ஆம்புலன்ஸ் புறப்படக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து அட்டவணையைத் தாயின் மொழியில் எழுதிக்கொடுத்து, சிரிஞ்சில் அளவுக் கோட்டை மார்க்கர் பேனாவால் குறித்து, முதல் வேளையை அவர் கையாலேயே எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். வார்டில் இருக்கும் நாட்களிலும் ஒவ்வொரு வேளையும் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அவர்கள் கேட்டால் எரிச்சல்படாதீர்கள்.

என் தங்கை மகனின் செவித்திறன் பரிசோதனைகளையும், தேவைப்பட்டால் அதற்கு மேலான சிகிச்சையையும் உங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளுங்கள். மேலே கேட்டவற்றில் எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது, ஏன் இயலாது என்பதை 30 நாட்களுக்குள் எழுத்தில், தமிழில் தெரிவியுங்கள். அந்தப் பதிலோடு புதிய மருந்து அட்டைப் படிவத்தின் நகல் ஒன்றும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தையின் பெரியம்மா, மருந்தாளுநர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.